அம்மாவின் சிலுவையைக் கேட்கிறார்கள்

முகாம்,
9 ஜூன் 2025

அன்புள்ள அக்னஸ் அக்காவுக்கு,

ஜோஸ்வின் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்டால், "இப்பதான் கேக்கத் தோணுச்சா" என்பாய். அதனால் கேட்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். செல்போனை முகாமுக்குள் விடுவதில்லை என்றாலும் வாசல் கதவருகே ஒரு போன் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றால் பேசலாம். ஆனால் நாம் பேசத் தொடங்கியதும் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இங்கே எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் பார்ப்பார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

"அப்படி என்னதான்டா அங்க வேலை?" என்று அம்மாவும் நீயும் கேட்டபோதெல்லாம், ஏதோ பழைய வெடிகுண்டு மெஷின் கழற்றுகிற வேலை என்று சொல்லி நழுவியிருக்கிறேன். இன்றைக்கு அதைச் சொல்லாமல் விஷயத்துக்கு வர முடியாது. இது மரம் மட்டை எதுவும் இல்லாத பெரிய புல்வெளி. முன்பிருந்த அரசாங்கம் இதற்கு அடியில் அணு ஏவுகணைகளை வைத்திருந்தது. குண்டுகளை நான் வருவதற்கு வெகுகாலம் முன்பே எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் ஏவுகணை உடல்களையும் பட்டறைகளையும் பல நாடுகள் சேர்ந்து செய்த ஒப்பந்தப்படி வெட்டி அழிக்கிறார்கள். வெட்டுவது உள்ளூர்க்காரர்கள். சர்வதேச அமைப்பு அனுப்பிய நாங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், எதையும் தொடக் கூடாது. ஒரு ஏவுகணையை அவர்கள் வெட்டத் தொடங்கிவிட்டால், அதைப் பார்க்க நிற்பவன் வேலை முடியும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் அந்த வெட்டு கணக்கில் செல்லாது. வெட்டிய துண்டுகளைக் கூரையில்லாத வெட்டவெளியில் பரப்பி வைப்பார்கள். மற்ற நாடுகளும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் உருக்குவார்கள்.

போன வருஷம் அம்மா தவறிப்போனபோது நான் அப்படி ஒரு வெட்டில் நின்றுகொண்டிருந்தேன். நான் வராததன் காரணம் அதுதான். உனக்கு அது காரணமாகவே படவில்லை என்பதும் தெரியும்.

அந்த வேலை முடிந்து நான் ஊருக்குக் கிளம்பும்போதுதான் வெட்டுகிறவர்களின் மேஸ்திரி தைமூர் அந்தத் தகட்டைக் கொடுத்தார். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போவது அவர்கள் பக்கம் வழக்கமில்லையாம். ஏவுகணை வயிற்றில் இருந்த மூடி அது. கதிர்வீச்சு இல்லை என்று கருவி வைத்துப் பார்த்தோம். மூடிகள் கணக்கில் சேராது என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். துருப்பிடிக்காது, கனமும் இல்லை. அதைத்தான் பாலக்கரைப் பட்டறை இம்தியாஸ் இரண்டாகக் கீறி, குறுக்கே ரிவெட் அடித்துச் சிலுவையாக்கி, அம்மா பெயரைப் பொறித்துக் கொடுத்தான். போன கல்லறைத் திருநாளுக்கு நட்டோம்.

இப்போது இந்த இடத்தை மூடப் போகிறார்கள். மூடிகளும் கணக்கில் உண்டாம். ஒன்று குறைகிறது. என்னிடம் இருக்கிறது என்று எங்கள் குழுவின் தலைவி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எந்த உருவத்தில் இருந்தாலும் திருப்பிக் கொண்டுவர வேண்டும், எல்லோர் முன்னாலும் வெட்டியாக வேண்டும் என்கிறார்.

அக்கா, அம்மாவின் சிலுவையைக் கேட்கிறார்கள். எடுத்து வை. எங்கள் அமைப்பின் சென்னை அலுவலகத்திலிருந்து ஆள் வருவார்.

தம்பி,
ஜோஸ்வின்


சேசு மரி சூசை

மேலப்புதூர், திருச்சி,
27 ஜூன் 2025

தம்பி ஜோஸ்வினுக்கு,

கடிதத்தின் தலையில் சேசு மரி சூசை எழுத வேண்டும் என்பதுகூட உனக்கு மறந்துவிட்டது. மற்றதை உன்னிடம் எதிர்பார்த்தது என் புத்திக் குறைவு.

ஞாபகம் இருக்கிறதா, நான்தான் அன்றைக்கு வேண்டாம் என்றேன். "வெடிகுண்டு வச்சிருந்த தகட்டையா அம்மா தலைமாட்டுல நடுவ?" என்று கேட்டேன். நீதான் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு அழுதாய். அழுகிறவனிடம் என்ன பேசுவது என்று விட்டுவிட்டேன். இம்தியாஸ்கூட, "என்னாக்கா உலோகம் இது, பிளேடெல்லாம் போச்சு" என்று புலம்பினான். பெயருக்கு இடம் போதாமல் செபஸ்தியம்மாள் என்பதில் கடைசி எழுத்துகளைக் குட்டிக் குட்டியாகப் பொறித்தானே, அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ ஊரில் இல்லை. இறந்துபோய் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு வேண்டிக்கொள்ளும் நாள் என்று திங்கள்தோறும் தில்லை நகர் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்ததும் கல்லறைக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் தூசி துடைக்கப் போனேன். அப்புறம் பேசப் போனேன். சுற்றிலும் எல்லார் சிலுவையும் துருப்பிடித்து நிற்கும், அம்மாவுடையது மட்டும் சாயங்கால வெயிலில் பளிச்சென்று இருக்கும். அந்தக் குட்டி எழுத்துகளைத்தான் முதலில் துடைப்பேன். வேண்டாம் என்றவளுக்கு இப்போது அது வேண்டும். வேண்டும் என்றவன் பிடுங்கித் தா என்கிறாய்.

அது சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்த சிலுவை. அதை வெட்டுவார்களாம். அதுவும் போகட்டும். அம்மாவைப் புதைத்த அந்த வரிசை நம் சொந்த இடமில்லை என்பது உனக்குத் தெரியுமா? அடையாளம் இல்லாத குழியைக் கொஞ்ச வருஷத்தில் மறுபடி தோண்டி வேறு ஆளை வைத்துவிடுவார்கள். மருதையைக் கேட்டால் சொல்வான், அவன்தான் தோண்டுகிறவன்.

கடைசி நாட்களில் கதவு சத்தம் கேட்டால் அம்மா, "ஜோஸ்வின் வந்துட்டானா?" என்பார்கள். "வந்துக்கிட்டே இருக்கான்மா" என்பேன். உன் வேலையே நின்று பார்ப்பதுதான் என்று எழுதியிருக்கிறாய். எது எதையோ நின்று பார்த்தாய். அம்மாவைத்தான் பார்க்கவில்லை.

அனுப்ப மாட்டேன். உன் தலைவி அம்மாவிடம் சொல்.

அக்கா,
அக்னஸ்


முகாம்,
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டியதெல்லாம் சரி. ஒன்றைக்கூட மறுக்கப் போவதில்லை.

ஆனால் ஒன்றை முதல் கடிதத்தில் எழுதாமல் விட்டேன். பயமுறுத்தி வாங்குவது போல ஆகிவிடும் என்று தோன்றியது. தகடு பனி விழுவதற்குள் வராவிட்டால் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, வேலை போகும். தைமூரைத்தான் ஆயுதப் பாகத்தைத் திருடியவர் என்று பிடிப்பார்கள். அவர் ஓய்வு பெறுகிற வயதில் இருக்கிறார். இந்த ஊர் நீதிமன்றத்தில் அப்படி ஒரு வழக்கு என்றால் வெளியே வர முடியாது.

அவரைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. இதே ஏவுகணைகளுக்கு இளம் வயதில் துப்பாக்கியோடு காவல் நின்ற சிப்பாய் அவர். யாரையாவது கொல்லத்தான் இதைக் காக்கிறோம் என்று தெரிந்தும் நின்றேன், இப்போது என் கையாலேயே வெட்டுகிறேன், அதனால் கொஞ்சம் தூங்க முடிகிறது என்பார். அம்மா போன செய்தியை வேலை நடுவில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்தான் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் போகச் சொன்னார். நான் போயிருந்தால் அந்த ஏவுகணை செல்லாமல் போயிருக்கும், அப்போது குறை பிடிக்கக் காத்திருந்தவர்கள் ஒப்பந்தத்தையே கிழித்திருப்பார்கள் என்று நினைத்தேன். மெஷினை ஓட்டச் சொன்னேன். நினைத்தது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை அக்கா. சில நாள் சரி என்று படுகிறது. பல நாள் படவில்லை.

உன் கடிதத்தை அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு, "கல்லறையைத் தொட வேண்டாம், உன்னிடம் தரவேயில்லை, நான்தான் தொலைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல், தலைவி அம்மாவின் அறைக்கே போய்விட்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

சிலுவையைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதாதா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். ஒரு மூடி கணக்கில் வராவிட்டால், நாளைக்கு ஒரு நாடு பத்து ஏவுகணையை மறைத்துவிட்டு மூடியைப் போல அதுவும் காணாமல் போயிற்று என்று சொல்லும் என்கிறார்கள். இந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் நான் அம்மாவுக்கே வராமல் இருந்தேன். இப்போது என் அம்மாவுக்காக அதை வளைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தகட்டை நான் வாங்கியிருக்கவே கூடாது. முடிவு உன் கையில். நான் மறுபடி கேட்க மாட்டேன்.

தம்பி,
ஜோஸ்வின்


சேசு மரி சூசை

மேலப்புதூர், திருச்சி,
25 ஆகஸ்ட் 2025

தம்பி ஜோஸ்வினுக்கு,

சிலுவையைக் கொடுத்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், உன்னைப் போல முக்கியமானதை மறைத்து வைத்து எழுத எனக்குத் தெரியாது.

உன் கடிதம் வந்ததும் பங்குச் சாமியாரிடம் போனேன். உண்மையைச் சொன்னால், அவர் கூடாது என்று சொல்வார், அதை அப்படியே உனக்கு எழுதிவிடலாம் என்றுதான் போனேன். அவரோ சின்ன வயசுக்காரர். "மந்திரிச்ச பொருள் உடைஞ்சா மந்திரிப்பும் போயிடும்மா. துண்டுகளைக் கண்ட இடத்துல போடாம மண்ணுல புதைச்சிடச் சொல்லுங்க" என்றார். "அங்க புதைக்க மாட்டாங்க ஃபாதர். எல்லாரும் பாக்கணும்னு வெட்டவெளியில போட்டு வைப்பாங்களாம்" என்றேன். "அப்ப ஆண்டவரும் பாக்கட்டும்மா" என்றார்.

எனக்கு அது போதவில்லை. நான் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் பக்கத்து கவுன்டர் வேதவல்லி காரணம் கேட்டாள், சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலம் என்னை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துக்கொண்டு போய் காவிரிக் கரையில் அம்மா மண்டபத்துப் படியில் உட்கார வைத்தாள். ஆற்றில் தண்ணீர் நிறையப் போனது. "எங்கப்பாவை இங்கதான் கரைச்சோம். கல்லு கெடையாது, ஒண்ணும் கெடையாது. பாலத்துல பஸ் போறச்சே ஜன்னல் வழியா ஒரு தடவை பாத்துப்பேன், அவ்வளவுதான்" என்றாள். "அது உனக்குப் போதுமா?" என்று கேட்டேன். "போறாதுதான். என்ன பண்றது, சொல்லு" என்றாள். ஒரு வருஷமாக எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் எல்லோரும் போதும் போதும் என்றுதான் சொன்னார்கள். போதாது என்று ஒருத்தி சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்ததும் மனசு கொஞ்சம் லேசானது.

அம்மா சாவுக்கு நம் சொந்தத்தில் பாதிப் பேர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முகம் தெரியாத அந்த மனிதர் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அவரை ஜெயிலில் உட்கார வைத்துவிட்டு நான் திங்கள்தோறும் சிலுவையைத் துடைத்துக்கொண்டிருக்க முடியாது. அவருக்காகத்தான் கொடுத்தேன். உனக்காக இல்லை என்பதைத் தெரிந்துகொள்.

மருதை கடப்பாரையால் சிமென்டை உடைத்தான். "நட்டதே போன வருஷம், அதுக்குள்ள புடுங்கச் சொல்றீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே உடைத்தான். வேறு சிலுவை வைத்துவிடுங்கள் என்றும் சொன்னான். வைக்கலாம்தான். ஆனால் எனக்கு இப்போது இன்னொன்றை வைக்க மனசு வரவில்லை. சிலுவை நின்ற குழியைக்கூட மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சென்னை ஆள் வந்து முன்னும் பின்னும் போட்டோ எடுத்தார். பின்பக்கம் தகட்டின் பழைய எண் அப்படியே இருந்தது. "இது யார் பேருங்க மேடம்?" என்று கேட்டார். "எங்கம்மா" என்றேன். அம்மாவின் கட்டம் போட்ட பெட்ஷீட்டில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். பெட்ஷீட் எனக்குத் திரும்பி வர வேண்டும்.

அக்கா,
அக்னஸ்


சேசு மரி சூசை

முகாம்,
5 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மேஜையில் பெட்ஷீட்டோடு வைத்துப் பிரித்தார்கள். மடிப்பில் கொஞ்சம் கல்லறை மண் இருந்தது. எண்ணைச் சரிபார்த்தார்கள். பிறகு தைமூர் சிலுவையைத் திருப்பி, பெயரைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். அவரும் சொல்லிப் பார்த்தார், பாதிக்கு மேல் அவர் வாயில் நுழையவில்லை. பெயரை விட்டுவிட்டுச் சுற்றி வெட்டலாமா என்று கேட்டார். எந்தத் துண்டும் ஒரு சாணுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. நம் அம்மாவின் பெயர் அதைவிட நீளம்.

வேறொருவர் வெட்டட்டும் என்றார்கள். "கொடுத்தவன் நான்" என்று அவர் மெஷினை யாருக்கும் விடவில்லை. எனக்குப் பதிலாக வேறு ஆள் நிற்கட்டும் என்று தலைவி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வேண்டாம் என்றேன். எனக்கு உன் கடிதம்தான் ஞாபகத்தில் இருந்தது, எது எதையோ பார்த்தாய், அம்மாவைத்தான் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாயே.

தொடங்கிவிட்டால் முடியும்வரை நகரக் கூடாது. நான் நகரவில்லை. பெயருக்கு நடுவில் வெட்டுச் சக்கரம் இறங்கியபோது கண்ணை மூடத் தோன்றியது, மூடவில்லை. தைமூர்தான் ஒரு தடவை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா, அம்மாவின் கடைசியை நான் பார்க்கவில்லை. இதை முழுக்கப் பார்த்தேன். அதற்கு இது ஈடாகாது என்பது எனக்குத் தெரியும். அங்கே நிற்கும்போதே தெரிந்தது.

துண்டுகள் இப்போது வெட்டவெளியில், ஏவுகணைத் துண்டுகளுக்கு நடுவில் கிடக்கின்றன. இங்கே காற்று எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும். காலையும் மாலையும் சுற்றி வந்து பார்ப்பது என் முறை. நீ முதலில் துடைப்பாயே, அந்தக் குட்டி எழுத்துகள் உள்ள துண்டு தனியாகத் தெரிகிறது. அதை மட்டும் தர முடியுமா என்று கேட்டேன். முடியாது, எல்லாம் சேர்ந்துதான் உருகும்.

தைமூர் மேல் இனி வழக்கு இல்லை. மூடிகளின் கணக்கு சரியாகிவிட்டது. என்னை மட்டும் அடுத்த இடத்துக்கு அனுப்ப மாட்டார்கள், அது நியாயம்தான். பனி மூடும்வரை துண்டுகளுக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதனால் இந்தக் கல்லறைத் திருநாளுக்கும் நான் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடுவேன், அதற்குப் பிறகு போக இடமில்லை.

பெட்ஷீட்டைத் தைமூரின் மனைவி துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறார். மண்ணை உதறாமல் ஒரு காகிதத்தில் தனியாக மடித்துக் கொடுத்தார். இரண்டையும் கையோடு கொண்டுவருகிறேன்.

தம்பி,
ஜோஸ்வின்


சேசு மரி சூசை

மேலப்புதூர், திருச்சி,
3 நவம்பர் 2025

தம்பி ஜோஸ்வினுக்கு,

நேற்று கல்லறைத் திருநாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. காந்தி மார்க்கெட்டில் செவ்வந்தி வாங்கிக்கொண்டு போனேன். எல்லாக் கல்லறையும் வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, வரிசை வரிசையாகக் கல்யாண வீடு போல இருந்தது. அந்தக் கூட்டத்தில் அம்மாவை என்னால் உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. திங்கள்தோறும் போகிறவள் நான். தலைமாட்டுக் குழியில் மழைத் தண்ணீர் தேங்கிச் சுற்றிலும் புல் முளைத்திருந்தது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் காலி இடம் என்று நினைத்து அம்மா மேல் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். நான் எடுத்து ஓரமாக வைத்தேன். அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

ஈர மண்ணில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. தேங்காய்ச் சிரட்டை ஒன்றை அவர்களே கொடுத்தார்கள், அதில் வைத்தேன்.

சாமியார் வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். சிலுவைக்குச் சிலுவை நின்று தெளித்துவிட்டுப் போகிறார். இங்கே சிலுவை இல்லையே, தாண்டிப் போய்விடுவாரோ என்று எனக்குப் பதறிவிட்டது. ஓடிப்போய்த் தலைமாட்டுக் குழியில் இறங்கி நின்றேன். புடவை நனைந்தது.

சாமியார் வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். "உங்கம்மா கல்லறை எதும்மா? அடையாளம் காணோமே" என்றார்.

"நான்தான் ஃபாதர் அடையாளம்" என்றேன்.

அவர் ஜெபத்தை முதலிலிருந்து நிதானமாகச் சொல்லி, மண்ணிலும் என் மேலும் சேர்த்துத் தெளித்தார். மெழுகுவர்த்தி எரிந்து தீரும்வரை அங்கேயே நின்றேன். அம்மாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். பெயரை வெட்டும்போது கண்ணை மூடாமல் நின்றான் என்று சொன்னேன். வேறு என்ன சொன்னேன் என்பது எங்களுக்குள்.

கிளம்பும்போது மருதை வந்தான். "வருஷா வருஷம் ஆள் வந்து நின்னாப் போதும்மா, அந்த எடத்த நான் தொடமாட்டேன்" என்றான்.

எனக்கு முழங்கால் இன்னும் வலிக்கிறது. அடுத்த வருஷம் நீ வந்து நில். நின்று பார்க்கிற வேலை உனக்குத்தான் பழக்கம்.

அக்கா,
அக்னஸ்